ஜேர்மானியச் சிறார்க்குப் பரிசில் கொணர்வோர்

மார்கழி பிறந்துவிட்டால் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே காலை எட்டு மணி வரையும் மூடுபனி கலைவதில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் 1878ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற வார்லி ஆலயம் அப்பனியினின்றும் சிறிது சிறிதாகத் தோன்றுங் காட்சியை இப்பகுதியார் அனைவருங் கண்டிருப்பர். அந்நாள்களில் அட்டன் நகரக் கடைகளிலே, பருத்த வயிறும் வெண்டாடியும் செஞ்சட்டையுமுடைய நத்தார்த் தாத்தாவின் உருவம் தொங்கும். 'இத்தாத்தா எந்த ஊரவர்?' என்று வகுப்பில் ஒரு மாணவன் வினாவினான். இங்கிலாந்தென்றான் ஒருவன், அமெரிக்காவென்றான் மற்றொருவன். ஆசிரியனாகிய எனக்கும் அப்பொழுது விடை தெரிந்திலது. பின்னர் நூல்களைப் புரட்டியபோது வழி ஜேர்மனி நாட்டிற்குச் சென்றது. சென்றவிடத்திலோ பரிசில் கொணர்பவர் ஒருவரல்லர், பலர் என்பது தெரியலாயிற்று. ஊருக்கோர் ஆள்; ஆளுக்கோர் இரவு. அவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். நம் பண்டை இலக்கியத்திற் பரிசில் பெறும் புலவனும் பாணனும் கொடுத்தோன் பெயரைப் பாடாமற் போவதில்லை. பாரியென்றும் குமணனென்றும் அப்பெயர்கள் இன்றளவும் நின்று நிலவுவது அதனாலேயே. ஜேர்மானியக் குழந்தை பெறும் பரிசிலின் இயல்பு இதற்கு நேர்மாறானது. தந்தையுந் தாயும் வாங்கிய பொருள், அவர் பெயரால் அன்றி, இரவில் வந்து மறைந்த வேறொருவர் பெயராற் கொடுக்கப்படுகின்றது. ஆகலின் பரிசில் யாது என்பதினும், அதனைத் தந்தவர் யாரென்று குழந்தைக்குச் சொல்லப்படுகின்றது என்பதே வரலாற்று மாணவனுக்கு வேண்டுவதாகும். அப்பெயர் மாறிய காலங்களை நோக்கின், அந்நாட்டின் சமயப் போராட்டமுழுதும் அதனுள்ளே அடங்கிக் கிடப்பது புலனாகும்.

கொணர்வோருள் மூத்தவர் தூய நிக்கலஸ். இவர் நான்காம் நூற்றாண்டில், இற்றைத் துருக்கியின் தென்கரையிலுள்ள மைரா என்னும் நகரில் ஆயராக விளங்கியவர். வறிய தந்தையொருவனுக்குப் புதல்வியர் மூவர். சீதனங் கொடுக்க வகையின்மையால் அவர்கள் இழிதொழிலுக்கு விற்கப்படும் நிலையிலிருந்தனர். நிக்கலஸ் இரவில் ஒருவரும் அறியாது அவ்வீட்டுப் பலகணி வழியே பொற்கிழி எறிந்து, மூவர்க்கும் மணம் முடியச் செய்தார் என்பது கதை. சீதனம் என்பதன் சுமையை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கதையின் உயிர் பொன்னில் இல்லை. கொடுத்தவர் தம்மை மறைத்துக்கொண்டதில் உள்ளது. 1087ஆம் ஆண்டில் அவருடைய என்புகள் இத்தாலியிலுள்ள பாரி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. அதன்பின் அவர் வழிபாடு ஐரோப்பாவின் வடபாகமெங்கும் பெருகியது. அவர் திருநாள் டிசெம்பர் 6ஆம் தேதி. அதன் முதனாளிரவு சிறுவர் தம் காலணியைத் துடைத்து வாயிலில் வைப்பர். விடியலில் அதனுள்ளே கொட்டைகளும் அப்பிள் பழமும் வாசனைப்பண்ட அப்பமும் இருக்கும். சிலவிடங்களில் ஆயர் வேடம் பூண்டவர் செங்கோல் ஏந்தி வீட்டிற்கே வந்து, சிறுவர் செய்த நன்மை தீமை எழுதிய ஏட்டைப் புரட்டி, செபம் ஒப்பிக்கச் செய்து, அதன் பின்னரே பண்டம் வழங்குவார். கைப்பிரம்புடன் கூடிய நம் பழைய திண்ணைப் பள்ளிச் சட்டம்பியார் நினைவுக்கு வருதல் கூடும். ஆனால் ஆயர் கையிற் பிரம்பில்லை. பிரம்பேந்துபவன் உடன்வரும் வேறோர் ஆள். அவனைப் பற்றிப் பின்னர்க் கூறுவேம்.

1517ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் தொடக்கிய சமயச் சீர்திருத்தம் இவ்வழக்கத்தையும் தொட்டது. இறைவனுக்கும் மனிதனுக்குமிடையே புனிதர் எவரும் வேண்டாம் என்பது அவர் கொள்கை. அங்ஙனமாயின் குழந்தைக்குப் பரிசில் தரும் புனிதர் மாத்திரம் எதற்கு? எனினும் வழக்கம் எளிதில் ஒழியவில்லை. 1535ஆம் ஆண்டளவிற்கூட லூதரின் சொந்த இல்லத்தில் நிக்கலஸ் நாளுக்கெனப் பரிசில் வாங்கிய செய்தியை அவர் வீட்டுக் கணக்கைக் காட்டி ஆராய்ச்சியாளர் கூறுவர். கொள்கை வகுப்பது எளிது; காலணியை வைத்துக் காத்திருக்கும் பிள்ளைக்கு விடை சொல்வதன்றோ அரிது! அவர் வழிவந்தோர் கண்ட வழி, வழக்கத்தை அழியாது விட்டு, கொடுப்பவர் பெயரையும் நாளையும் மாற்றுதலாகும். பரிசில் தருபவர் கிறிஸ்துவே. தரும் நாள் அவர் பிறந்த நாளின் முன்னிரவாகிய டிசெம்பர் 24. அன்று ஜேர்மானியப் பேரரசுக்குட்பட்டதாய், இன்று பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1570ஆம் ஆண்டில் நிக்கலஸ் சந்தை நிறுத்தப்பட்டுக் கிறிஸ்துக் குழந்தையின் பெயராற் சந்தை ஏற்பட்டது இம்மாற்றத்தின் தெளிவான சான்றாம். நூரெம்பேர்க் நகரிலும் அத்தகைய சந்தை இருந்தமைக்கு, 1628ஆம் ஆண்டு எழுத்துப் பொறித்த மரப்பெட்டியொன்று இன்றுஞ் சான்றாயுள்ளது.

கிறிஸ்ட்கின்ட் எனப்பட்ட இக்கிறிஸ்துக் குழந்தை காலப்போக்கிற் கொண்ட வடிவம் வியப்புக்குரியது. தொழுவத்திற் கிடந்த ஆண் மகவாகத் தொடங்கிய அவ்வுரு, வெண்ணிற ஆடையும் பொன்முடியும் முக்காடுமுடைய இளம்பெண்ணாகிவிட்டது. இறைமையியல் வல்லார்க்கு இஃது இடர்ப்பாடாகத் தோன்றலாம். சிறார்க்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அவள் கண்ணுக்குப் புலப்படாள். மூடிய அறைக்குள் வந்து மரத்தடியிற் பரிசில் வைத்து, சிறுமணியை ஒலித்துச் செல்வாள். மணியோசை கேட்டபின்னரே கதவு திறக்கப்படும்.

இனி வருவதே இவ்வரலாற்றில் எனக்கு மிகச் சுவையாகப் பட்ட பகுதி. புரட்டஸ்தாந்தர் படைத்த கிறிஸ்ட்கின்ட் இன்று வழங்குவது பெரும்பாலுங் கத்தோலிக்கர் வாழும் பவேரியா முதலிய தென்பகுதியிலும் றைன் நதியை அடுத்த மேல்பகுதியிலுமாம். லூதரின் மரபு வேரூன்றிய வடக்கிலுங் கிழக்கிலுமோ அவளைக் காண்டல் அரிது. ஆங்கு வருபவர் 'வைநாக்ட்ஸ்மான்', அதாவது நத்தார் மனிதன் எனப்படும் கிழவர். 1930ஆம் ஆண்டிற்குப் பின் ஜேர்மானிய நாட்டுவழக்காற்றுப் படத்தொகுதிக்காக ஏறத்தாழ 20,000 ஊர்களுக்கு வினாப்பத்திரங்கள் அனுப்பப்பட்டன. 'நும்மூரிற் சிறார்க்குப் பரிசில் கொணர்பவர் யார்?' என்பது அவ்வினாக்களுள் ஒன்று. வந்த விடைகளைப் படத்திற் குறித்தபோது நாடு இரண்டாகப் பிரிந்து தோன்றியது. தென்மேற்கு முழுதுங் கிறிஸ்ட்கின்ட், வடகிழக்கு முழுதும் கிழவர். இடையே சிலேசியா மாநிலம் தனித்தீவு போலக் கிறிஸ்ட்கின்டோடு நின்றது.

இங்ஙனம் பெயர்கள் இடம் மாறியமைக்குக் காரணம் என்னை? பத்தொன்பதாம் நூற்றாண்டில் நத்தார் முன்னிரவு என்பது தேவாலயத் திருநாளென்ற அளவினின்றும் விரிந்து, நடுத்தர வகுப்பார் தம் இல்லத்தினுள்ளே மரம் நாட்டி விளக்கேற்றிக் கொண்டாடுங் குடும்பவிழாவாகியது. கத்தோலிக்க இல்லங்களும் அதனை விரும்பி ஏற்றன. அவர்களிடம் நிக்கலஸ் முன்னமே இருந்தார். அவர் நாள் 6ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஆதலின் 24ஆம் தேதிக்கு வேறொருவர் வேண்டியிருந்தது. பாலகிறிஸ்து வழிபாட்டிற் பழகிய அவர்க்குக் கிறிஸ்ட்கின்ட் அயலாளாகத் தோன்றவில்லை. வடக்கிலோ சமயப் பற்றுத் தளர்ந்து, வழக்கம் மாத்திரம் எஞ்சிற்று. ஆங்கு நிக்கலசின் தாடியும், அவருடன் வந்த ஏவலாளனின் மயிர்த்தோலாடையும், பனிக்காலத்தையே ஒரு கிழவனாக உருவகித்த ஓவியங்களும் ஒன்றாகி நத்தார் மனிதன் பிறந்தார். 1835இல் ஹொஃப்மான் ஃபொன் ஃபாலர்ஸ்லேபன் இயற்றிய சிறுவர் பாட்டு அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது. 1847இல் மொறிற்ஸ் ஃபொன் ஷ்விண்ட் வரைந்த 'பனிக்கால ஐயர்' என்னும் படம் அவர் தோற்றத்தை நிலைப்படுத்தியது. லூதர் தலைவாயிலால் வெளியேற்றிய ஆயர், அவர் வழியினர் இல்லத்துக்குள்ளேயே புழைக்கடையால் வேறுடை அணிந்து நுழைந்தார் போலும்!

இப்பிரிவினைக்குப் புறநடையுமுண்டு. நூரெம்பேர்க் பவேரியாவிலுள்ளதாயினும் பழைய புரட்டஸ்தாந்த நகரம். எனினும் கிறிஸ்ட்கின்டை ஒருபோதுங் கைவிடவில்லை. போரினால் இடிந்து கிடந்த அந்நகரில் 1948ஆம் ஆண்டிற் சந்தை மீண்டுந் தொடங்கியபோது, நடிகையொருவர் அவ்வேடம் பூண்டு அதனைத் திறந்துவைத்தார். 1969ஆம் ஆண்டு தொட்டு, நகர்வாழ் இளம்பெண்ணொருத்தி ஈராண்டுக்கொரு முறை அதற்கெனத் தெரிந்தெடுக்கப்படுகின்றாள். 2019ஆம் ஆண்டிலே தெரிவானவர், இந்தியத் தந்தைக்கும் ஜேர்மானியத் தாய்க்கும் பிறந்த பெனிக்னா முன்சி. அவர் நிறத்தைச் சுட்டி ஏளனஞ் செய்தாரும் இருந்தனர்; நகரத்தார் அவர் பக்கமே நின்றனர். ஆண் மகவு பெண்ணானதைப் பொறுத்தவர், புரட்டஸ்தாந்தர் படைப்பு கத்தோலிக்கர் உடைமையானதைப் பொறுத்தவர், நிறம் மாறுவதைப் பொறார் என்றால் அவர் தம் மரபின் வரலாற்றையே அறியாதவர் என்றுதான் கூறவேண்டும்.

நிக்கலசுடன் வரும் ஏவலாளன் பெயரும் ஊர்தோறும் வேறு. வடக்கிலும் நடுநாட்டிலும் அவன் றூப்ரெக்ட். ஆல்ப்ஸ் மலைப்புறத்திற் கொம்பும் நாக்கும் நீண்ட கிராம்பஸ். றைன் நாட்டில் ஹான்ஸ் முஃப். பலாற்றினேற் பகுதியிற் பெல்ஸ்நிக்கல். பிரங்கோனியாவின் புரட்டஸ்தாந்த ஊர்களிற் பெல்ஸ்மேர்ட்டல் என்னும் தோலாடைக்காரன் நவெம்பர் 11ஆம் தேதியாகிய தூய மார்ட்டின் நாளில் தானே பரிசிலும் கொணர்வான். அம்மார்ட்டின் தன் மேலாடையை வாளாற் பிளந்து இரவலனுக்கு ஒரு பாதியை ஈந்த போர்வீரர். முல்லைக்குத் தேரீந்த கதை கேட்டு வளர்ந்த நமக்கு அவர் அந்நியரல்லர். றைன் நாட்டுச் சிறுவர் அந்நாளிற் காகித விளக்கேந்தி வீதிவலம் வருவர். வடகோடியிலோ லூதர் பிறந்த நாளாகிய நவெம்பர் 10ஆம் தேதி விளக்கேந்துவர். விளக்கும் பாட்டும் ஒன்றே; எந்த மார்ட்டினுக்காக என்பதில்தான் வேறுபாடு.

பலாற்றினேற் பகுதியிலுள்ள லண்டௌ என்னும் ஊரில் 1840ஆம் ஆண்டிற் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்ற தோமஸ் நாஸ்ட் என்பார், 1863ஆம் ஆண்டு முதலாக நியூயோர்க்குப் பத்திரிகையொன்றில் 'சான்ரா குளோஸ்' என்பவரைப் பருத்த உடலினராக வரைந்து வந்தார். அப்பெயர் ஒல்லாந்தரின் 'சின்ரர்கிளாஸ்', அதாவது நிக்கலஸ் என்பதன் திரிபு. அந்த ஒல்லாந்தரே 1658 முதல் 1796 வரை நம் கடற்கரை நாட்டை ஆண்டவர். 1908ஆம் ஆண்டிற் கொழும்பில் அமைந்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் டிசெம்பர் முதல் வாரத்தில் நிக்கலஸ் பெயராற் சிறுவர் விழா நடத்திப் பரிசில் வழங்கியதும் அத்தொடர்பினாலேயாம். மலைநாட்டிற்கு வந்த ஆங்கிலத் துரைமாரோ தம்முடன் நத்தார் மரத்தையுங் கொணர்ந்தனர். அதுவும் ஜேர்மானியர் கொடையே. ஜேர்மானிய இளவரசியாயிருந்து ஆங்கில அரசியான சார்லொட் 1800ஆம் ஆண்டில் விண்ட்சரில் அதனை நாட்டினார். விக்றோறியா அரசியின் கணவரான அல்பேட்டின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848இல் வெளிவந்த பின்னர் ஆங்கிலேயர் இல்லந்தோறும் அது பரவிற்று. அட்டன் கடையிற் றொங்கும் தாத்தாவைப் பற்றி என் மாணவர் கூறிய இரு விடையும் பாதி சரியே.

நமக்கும் அந்நாட்டிற்கும் வேறொரு பழந்தொடர்புமுண்டு. 1706ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்று, விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு ஐயர், 1682ஆம் ஆண்டிற் சாக்சனி நாட்டின் புல்ஸ்னிற்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அவ்வூர் 1558ஆம் ஆண்டு முதல் உரிமை பெற்று நத்தார்க்கால 'மிளகு அப்பம்' சுடுவதில் இன்றும் பெயர் பெற்றது. அதில் மிளகு இருத்தல் வேண்டுமென்பதில்லை. கீழ்த்திசையினின்று வந்த கறுவா, ஏலம், கிராம்பு யாவற்றையும் மிளகென்றே அவர் வழங்கினர். தேயிலை இம்மலைகளை மூடுதற்கு மிக முன்னரே, காலணிக்குள் அப்பம் கண்ட ஜேர்மானியக் குழந்தையின் விரலில் இலங்கைக் கறுவாவின் மணம் இருந்திருக்கும்.

குழந்தை பெற்ற மரப்பொம்மையைச் செய்தவர் யார் என்பதையுங் கேட்டல் முறையே. சாக்சனியின் எர்ஸ் மலைத்தொடரிற் சுரங்கத்தொழில் நலிந்தபின், சைஃபன் முதலிய ஊரார் மரக்கடைசலுக்குத் திரும்பினர். ஈரமான மரத்தை வளையமாகக் கடைந்து, அவ்வளையத்தை அப்பம் வெட்டுவதுபோலத் துண்டு துண்டாகப் பிளப்பர். ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரையாகவோ பசுவாகவோ தோன்றும். வெட்டும் வரையும் உள்ளிருக்கும் உரு வெளியே தெரியாது. இவ்வருந்தொழிலை வேறெந்நாட்டிலும் யான் கேட்டதில்லை. செதுக்குவதும் வண்ணந் தீட்டுவதும் வீட்டிலுள்ளோர் அனைவர்க்கும் வேலை, சிறுவரும் விலக்கல்லர். துரிங்கியாவின் சொன்னபேர்க்கிலும் காகிதக்கூழ்ப் பாவை செய்யுங் குடும்பங்களில் நத்தார்க்கு முந்திய மாதங்களிற் பிள்ளைகள் நள்ளிரவு வரை உழைத்தனர். வீட்டுத்தொழிலிற் சிறாரை ஏவுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1903ஆம் ஆண்டிலேயே வந்தது. பிறர் பிள்ளைக்கு நத்தார் மனிதன் கொணரும் பாவையைத் தன் கையாற் செய்த பிள்ளை, அக்கதையை எவ்வளவு நம்பியிருக்கும்? மலையகத்தாராகிய நாம் இதனைக் கேட்டு வியத்தற்கில்லை. இந்நாட்டின் 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகையாரைக் குறித்தது. கொழுந்தெடுத்த சிறுவரும் கூலிப் பதிவில் இருந்தனர்.

நம்மவரிடையே சிறார்க்குக் கொடுக்கும் முறை யாது? சித்திரைப் புத்தாண்டிற் சுபவேளையில் மூத்தோர் வெற்றிலையில் வைத்துக் கைவிசேடம் தருவர். பிள்ளை காலில் விழுந்து இரு கையாலும் வாங்கும். கொடுத்த கை கண்முன்னே நிற்கும், அங்கு மறைவொன்றுமில்லை. தோட்டத்திலோ பெருநாள் தீபாவளியே. புத்தாடை அன்றுதான். யான் வளர்ந்த லயத்தில் ஐப்பசி பிறந்ததும் 'துரை எப்போ தீபாவளி கொடுப்பாரு?' என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அப்பாவும் பெரட்டுக்களத்திலிருந்து வந்து, 'தீபாவளி குடுத்துட்டாங்க' என்றே அம்மாவிடம் கூறுவார். மறுநாள் அட்டனுக்குச் சென்று எனக்கொரு சட்டையும் தங்கைக்கொரு பாவாடையும் வாங்கி வருவார். தோட்டத்து ஆபீசில் வெள்ளைத் தாடிக்காரரெவரும் இல்லாவிடினும், அச்சட்டை அங்கிருந்தே வந்ததென்று பத்து வயது வரையும் யான் நம்பியிருந்தேன்.

கொடுக்கப்பட்டது தீபாவளி முற்பணம். முற்பணமென்பது கொடையன்று, பின்னர் உழைத்துத் தீர்க்க வேண்டிய அப்பாவின் சொந்தக் கூலி. இதன் முன்னோர் உருவத்தையுங் கூறல் தகும். கங்காணிமார் காலத்தில் தொழிலாளி ஒரு தோட்டத்தினின்றும் மற்றொன்றிற்குச் செல்லுங்கால், அவன் மீதுள்ள கடன் குறித்த 'துண்டு' உடன் சென்றது. கடனை ஏற்கும் தோட்டமே ஆளையும் ஏற்றது. அம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இற் கம்பனிகளின் நிருவாகத்திற்குச் சென்றன. பெருநாள் முற்பணம் இத்தனை மாற்றத்துக்கும் தப்பி நின்றது.

ஜேர்மானியத் தந்தை தான் வாங்கிய பொருளைப் பிறர் பெயராற் கொடுத்தது தன் விருப்பத்தால். பிள்ளை தனக்குக் கடன்பட்டதாக எண்ணாதிருக்கவே நிக்கலசும் கிறிஸ்ட்கின்டும் கிழவரும் இடையே நிறுத்தப்பட்டனர். என் தந்தை பெயர் மறைந்தது அவர் விருப்பத்தாலன்று.

ஜேர்மனியில் ஹிமெல்ஃபோர்ட் என்னும் சிற்றூரின் அஞ்சலகத்திற்கு நத்தார் மனிதன் முகவரியிட்டு ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 இலட்சங் கடிதங்கள் வருகின்றன. தெற்கே ஹிமெல்ஸ்டாட்டிற்கு வருபவை கிறிஸ்ட்கின்டுக்கு. இரண்டிடத்தும் ஆள் அமர்த்தி விடையெழுதுகின்றனர். எவ்வெழுத்தும் பெற்றோரைக் காட்டிக்கொடாது.

யான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது தந்தையாரின் சம்பளச் சீட்டில். ஐந்தாம் வகுப்பிற் படிக்கும்போது ஒரு மாசி மாதம், வைப்புப்பணம், சங்கச்சந்தா என்பவற்றின் கீழ்க் கழிவுப் பத்தியில் 'தீபாவளி' என்றிருக்கக் கண்டு, 'இன்னுமா தீபாவளி, அப்பா?' என்று கேட்டேன். அவர் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அப்போது எனக்குச் சட்டை தோளிற் கிழிந்து தைத்தாயிற்று.